இரண்டாவது தடவை கேட்காத ஊர்

செப்டம்பர் 4, புதன்

ஹாவெர்டம் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. நெதர்லாந்தின் வடக்கில் இருக்கும் சின்ன ஊர். தெருக்களைவிட வாய்க்கால்கள் அதிகம். வாய்க்காலுக்கு வாய்க்கால் தூக்குப் பாலம். படகு வந்தால் மணி அடிக்கிறது, தடுப்புக் கட்டை இறங்குகிறது, சாலை அப்படியே எழுந்து நிற்கிறது. படகு போனதும் மறுபடி படுத்துக்கொள்கிறது. முதல் நாள் பெட்டியும் கையுமாக நடுவழியில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பின்னால் சைக்கிளில் வந்தவன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

இதற்காகத்தான் வந்திருக்கிறேன். கோயம்புத்தூர் பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டில் எல்லாரையும் சம்மதிக்க வைத்து, பாலம் படிக்க வந்திருக்கிறேன். ஊர் நடுவில் நூறு வருஷத்துப் பழைய தூக்குப் பாலம் ஒன்று இருக்கிறது. அதைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அந்தக் குழுவில் எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவருக்கு இடம். மற்றவர்கள் காகிதத்தில் பாலம் கட்ட வேண்டியதுதான்.

அந்த இடம் எனக்கு வேண்டும். டைரியை யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வேறு யாருக்காவது கொடுத்தால் எனக்குப் பொறுக்காது.

செப்டம்பர் 9, திங்கள்

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணின் பெயர் ஃபெம்கே. நர்சிங் படிக்கிறாள். என்னைவிட ஒரு முழம் உயரம். இன்று மாலை காபி போட்டுக் கொடுத்து, பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள். "ஐயோ, வேண்டாம்" என்றேன். டக்கென்று மூடிவிட்டாள். மூடிய டப்பாவைப் பார்த்துக்கொண்டே வெறும் காபியைக் குடித்தேன். பாவம், அவளுக்கே பிஸ்கட் பற்றாக்குறை போலிருக்கிறது.

எங்கள் வாத்தியார் வில்லெம். நரைத்த தலை, முழங்கால் தெரியும் டவுசர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். அப்பா வயது ஆளை எப்படி "வில்லெம்" என்பது? "சார்" என்கிறேன். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. பார்க்கட்டும்.

செப்டம்பர் 27, வெள்ளி

அட்டையிலும் கம்பியிலும் சிறு தூக்குப் பாலம் செய்யச் சொல்லியிருந்தார் வில்லெம். கிணற்றுத் துலா மாதிரிதான் கணக்கு. ஒரு பக்கம் வண்டிகள் ஓடும் பாலத்தின் தட்டு, மறுபக்கம் எதிர் எடை. இரண்டும் சமமாக இருந்தால் சுண்டு விரலால் தூக்கலாம். என்னுடையது சுண்டு விரலுக்கே எழுந்தது. வில்லெம் குனிந்து, தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார். கீழே வைத்துவிட்டு நகர்ந்தார். பக்கத்து மேசைப் பையன் யோரிஸ் செய்ததைப் பார்த்து, "இது பாலம் இல்லை, கதவு" என்றார், எல்லார் முன்னாலும். அவன் அழுதுவிடுவான் என்று நினைத்தேன். "ஆமாம்" என்று சிரித்துவிட்டுப் பிரிக்க ஆரம்பித்தான். தோல் தடித்த ஜனங்கள்.

அக்டோபர் 8, செவ்வாய்

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

வகுப்பு முடிந்ததும் வில்லெம் என்னிடம் வந்தார். "செண்பகா, நீ செய்த பாலம்தான் இருப்பதில் சிறந்தது. பாலக் குழுவில் இருக்கும் இடம், உனக்கு வேண்டுமா?" என்று கேட்டார். அப்படியே, நின்ற இடத்தில், டவுசர் பையில் கையை விட்டுக்கொண்டு!

"ஐயோ சார், நான் இப்போதுதான் வந்திருக்கிறேன். என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். வேறு யாருக்காவது கொடுங்களேன்" என்று முறையாகச் சொன்னேன். அவர் தலையசைத்தார். "தெளிவாகச் சொன்னதற்கு நன்றி" என்றார். என்ன மரியாதையான மனுஷன்!

நாளை மறுபடி கேட்பார். அப்போதும் சற்றுத் தயங்கிவிட்டு, "நீங்கள் இவ்வளவு சொல்லும்போது..." என்று இழுக்க வேண்டும்.

அம்மாவுக்கு உடனே போன் போட்டேன். அவள் வேலை பார்க்கும் கோவில்பட்டி தபால் ஆபீசில் அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏட்டி, நெசமாவா? நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னு சொல்லியிருக்கேன்மா."

"நல்லதா போச்சு. கேட்ட ஒடனே சரின்னுட்டா, இந்தப் பிள்ள என்ன இப்படிப் பறக்குதுன்னு நெனைப்பாக. ரெண்டு தடவ கேக்கட்டும்."

அக்டோபர் 9, புதன்

கேட்கவில்லை. வேலையாக இருந்திருப்பார்.

அக்டோபர் 11, வெள்ளி

நடைபாதையில் எதிரே வந்தார். நன்றாகப் பல் தெரியச் சிரித்து, வழியை மறித்த மாதிரி நின்றேன். "நல்ல வார விடுமுறை" என்று சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

அக்டோபர் 15, செவ்வாய்

இடம் யோரிஸுக்கு.

வகுப்பில் அறிவித்தார். கைதட்டுவதற்குப் பதில் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். கதவு செய்தவனுக்குப் பாலம்! எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. நல்ல பையன்தான். வந்த வேலை படிப்பு, அதைப் பார்ப்போம்.

சமையலறையில் இருந்த பாத்திரம் அத்தனையும் தேய்த்தேன். ஃபெம்கேயின் பாத்திரமும் சேர்த்து. அவளுடைய ஒரு வாணலியில் கறுப்புப் பூச்சு முழுவதும் கையோடு வந்துவிட்டது. அது தேய்க்கக்கூடாத வாணலியாம். யார் கண்டது?

அக்டோபர் 26, சனி

ஃபெம்கேயின் பிறந்தநாள். அவளுடைய அம்மா வீட்டில் விருந்து. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வைத்தார்கள். பிறந்தநாள் அவளுக்கு, ஆனால் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்துகிறார்கள். அவள் சித்தப்பா எனக்கு வாழ்த்துச் சொன்னார். நான் என்ன சாதித்தேன் என்று தெரியாமல் நன்றி சொன்னேன்.

மத்தியானம் பட்டினியாகப் போயிருந்தேன். விருந்து வீட்டுக்கு யாராவது சாப்பிட்டுவிட்டுப் போவார்களா? ஃபெம்கேயின் அம்மா ஆப்பிள் கேக்கோடு வந்தார். "வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்" என்றேன். தட்டு சித்தப்பாவிடம் போய்விட்டது. பிறகு பாலாடைக்கட்டி வந்தது. "பரவாயில்லை" என்றேன். அதுவும் போனது. வயிறு கத்தியது வட்டத்துக்கே கேட்டிருக்கும்.

சமையலறையில் தட்டுத் துடைக்கும்போது ஃபெம்கே சொன்னாள். "அம்மாவிடம் முதலிலேயே சொன்னேன், செண்பகாவுக்கு இனிப்பே பிடிக்காது என்று. கேட்காமல் நீட்டிவிட்டார்."

"எனக்கா? இனிப்பா? யார் சொன்னது?"

"நீதான். ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்கிறாயே."

"நீ இன்னொரு தடவை கேட்பாய் என்றுதான்!"

அவள் துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ வேண்டாம் என்ற பிறகு எப்படிக் கேட்பேன்? உன் பேச்சை நான் மதிக்கவில்லை என்று ஆகிவிடுமே."

கையில் ஈரத் தட்டோடு அப்படியே நின்றேன். பிறகு அவள் வெட்டிக் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டேனா, சாப்பிட்டதாக நினைத்தேனா, ஞாபகம் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

வில்லெம் என்னை மதித்திருக்கிறார். மதித்து, இடத்தைத் தூக்கி யோரிஸிடம் கொடுத்திருக்கிறார்.

அவர் மறுபடி கேட்கவே போவதில்லை.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் வில்லெமின் அறைக் கதவைத் தட்டினேன். திறந்தார். "பேச வேண்டும் சார்" என்றேன். "கட்டாயம். எப்போது?" என்று நாட்காட்டியை விரித்தார். எதிரே நிற்கிறார், கையில் காபி, வேறு யாரும் இல்லை. நவம்பர் ஏழாம் தேதி கொடுத்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடப் பாவிகளா! ரெண்டாந்தடவ கேக்கவே மாட்டாகளா? கல்யாண வீட்ல எப்படித்தான் பந்தி நடக்குமோ?"

"இப்ப என்னம்மா செய்ய?"

"என்ன செய்யவா? அவுக ஊர்ல அவுக வழக்கம். நீ போயி வாயத் தொறந்து கேளுட்டி. கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவ?"

ரெண்டு தடவை கேட்கட்டும் என்றவளும் இவள்தான். அதைச் சொன்னால் போனை வைத்துவிடுவாள், சொல்லவில்லை.

நவம்பர் 7, வியாழன்

கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் கொட்டிவிட்டேன்.

"சார், பாலக் குழுவில் இடம் வேண்டாம் என்று சொன்னேன். உண்மையில் எனக்கு வேண்டும். அன்றைக்கும் வேண்டும் என்றுதான் இருந்தது."

அவர் புருவம் மேலே போனது. "வேண்டும் என்றால் ஏன் வேண்டாம் என்றாய்?"

"எங்கள் ஊரில் முதல் தடவை மறுப்பது மரியாதை. கேட்பவர் விடாமல் மறுபடி கேட்பார். அப்போதுதான் அவர் மனசோடு கேட்கிறார் என்று தெரியும்."

"எத்தனை தடவை கேட்க வேண்டும்?"

"இரண்டு. சில வீடுகளில் மூன்று."

இரண்டு, மூன்று என்று விரலை மடித்துப் பார்த்தார். "அப்படியானால் நான்தான் மரியாதை இல்லாமல் நடந்திருக்கிறேன்" என்றார், கிண்டல் இல்லாமல். ஆனால் அடுத்து வந்தது இவர்கள் பாணியில் வந்தது. "இடம் இப்போது யோரிஸுடையது. அவனிடமிருந்து பிடுங்க மாட்டேன். டிசம்பரில் நகராட்சிப் பொறியாளர் முன்னால் அவன் பாலத்தின் எடைக் கணக்கைக் காட்டுவான். யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். இன்னொரு ஆள் தேவை என்று அவர்களுக்குத் தோன்றினால் சேர்ப்பார்கள். தோன்ற வைப்பது உன் பாடு."

கதவருகே போனதும் கூப்பிட்டார். "செண்பகா, என் பெயர் வில்லெம்."

"தெரியும் சார்" என்றேன்.

நவம்பர் 20, புதன்

யோரிஸிடம் கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மறைப்பான் என்று நினைத்தால், அத்தனையையும் அனுப்பிவிட்டான். பாலத்தடியில் தட்டுக்கான பலகைகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனான். நல்ல மழை. இங்கே மழை நிற்கிற நாளைத்தான் விசேஷமாகச் சொல்ல வேண்டும். மேலே மழையில் நனைந்து கிடந்த ஒரு பலகையை நகர்த்த ஒரு கை கொடுத்தேன். கனமான கனம். கொட்டகைக்குள் கிடந்த இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தேன். அதே அளவு, அதே மரம், ஆனால் லேசாக வந்தது.

அறைக்கு வந்து கணக்கைப் புரட்டினேன். யோரிஸ் எடுத்திருப்பது காய்ந்த பலகையின் எடை. மரக்கடைக்காரர் தந்த எடை. வருஷம் முழுக்க மழை பெய்யும் ஊரில் பிறந்தவன் மழையை மறந்துவிட்டான்! நான் வானம் பார்த்த பூமியில் பிறந்தவள். அங்கே ஒரு தூறல் விழுந்தாலே தெருவில் வந்து நின்று பார்ப்போம்.

பலகை நனைந்தால் தட்டு கனக்கும். எதிர் எடை போதாது. மோட்டார் திணறும், பாலம் பாதியில் நின்றுவிடும்.

நவம்பர் 22, வெள்ளி

யோரிஸ் காபி வாங்கிக் கொடுத்தான். "என் கணக்கு எப்படி?" என்று கேட்டான்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றேன்.

அவன் இடத்துக்கு ஆசைப்படுகிற நானே அவன் தப்பைச் சொன்னால், அடுத்தவன் இலையில் கை வைத்தது போல இருக்காதா? சந்தோஷமாகச் சிரித்தான். காபி கசந்தது.

நவம்பர் 29, வெள்ளி

மழை. சொல்லவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

மழை. மாடிப்படியில் அவனைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி, கழிப்பறைக்குள் போய் நின்றேன். ஆண்கள் கழிப்பறை.

டிசம்பர் 12, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

யோரிஸ் திரைக்கு முன்னால் நின்று விளக்கினான். நகராட்சிப் பொறியாளர் முன் வரிசையில். கட்டை முடி, கனத்த பூட்ஸ் போட்ட அம்மாள். வில்லெம் ஓரத்தில். முடித்துவிட்டு, "கேள்விகள்?" என்றான். என் கை எனக்கு முன்னால் எழுந்துவிட்டது.

"முதலில் யோரிஸைப் பாராட்ட வேண்டும். மிக அழகான வேலை. எவ்வளவு உழைத்திருக்கிறான்! படங்கள்கூட எவ்வளவு தெளிவு! நான் இப்படிச் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இருந்தாலும்..."

"செண்பகா," என்றார் வில்லெம், "உன் கேள்வி என்ன?"

அறை முழுக்கத் திரும்பியது. போதும்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இந்தப் பலகை நனையாதா?"

ஜன்னல் கண்ணாடியில் மழை ஓடிக்கொண்டிருந்தது. யோரிஸ் திரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், காது சிவந்தது. பொறியாளர் அம்மாள் சத்தமாக ஒரு வார்த்தை சொன்னார். அது நல்ல வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும், ஃபெம்கே வாணலியைப் பார்த்தபோது சொன்ன அதே வார்த்தை.

எழுந்து போய்க் கரும்பலகையில் கணக்கைப் போட்டேன். காய்ந்த எடை, நனைந்த எடை, எதிர் எடையில் எவ்வளவு குறைகிறது, மோட்டார் எந்த இடத்தில் நிற்கும். போட்டு முடித்துத் திரும்பினால் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அதோடு இறங்கி வந்திருந்தால், நல்ல பெண் என்று சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்ததெல்லாம் போதும்.

"எதிர் எடையைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் தேவை. அந்த வேலை எனக்கு வேண்டும்" என்றேன்.

சொல்லிவிட்டேன்! யாரும் கேட்காமல், ஒரு "ஐயோ"கூடச் சேர்க்காமல்! பூமி பிளக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. பொறியாளர் அம்மாள் வில்லெமைப் பார்த்து, "இந்தப் பெண்ணை அக்டோபரிலேயே ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டார்.

"கேட்டேன்," என்றார் வில்லெம். "ஒரு தடவைதான் கேட்டேன்."

சேர்த்துக்கொண்டார்கள். பாலம் எனக்கு! யோரிஸுக்கும் எனக்கும்.

வெளியே வந்ததும் யோரிஸ் பிடித்துக்கொண்டான். கோபமாகத்தான் இருந்தான். ஆனால் நான் நினைத்த கோபம் இல்லை. "எப்போது தெரியும் உனக்கு?"

"பலகையைத் தூக்கிய அன்றே."

"அன்றேவா? அதற்குப் பிறகுதானே காபி குடித்தோம்! நன்றாக இருக்கிறது என்றாயே! நண்பர்கள் இப்படியா செய்வார்கள்?"

நண்பன் மனசு நோகக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்றேன். நண்பன் எல்லார் முன்னாலும் அசடு வழிந்ததுதான் மிச்சம் என்றான். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றான். அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் வீடாக இருந்தால் ஒரு தலைமுறை பேசாமல் இருந்திருப்பார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஃபெம்கேக்கும் யோரிஸுக்கும் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தேன். முந்திரி நிறைய. யோரிஸ் ஒரு வாய் சாப்பிட்டு, "இது மிகவும் இனிப்பு, எனக்குப் பிடிக்கவில்லை" என்று தட்டைத் தள்ளி வைத்தான். சுருக்கென்று இருந்தது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவன் பங்கையும் ஃபெம்கேயும் நானும் தீர்த்தோம். வேலை நன்றாக நடக்கிறது. எதிர் எடைப் பெட்டிக்குள் இரும்புத் துண்டுகளைக் கூட்டவும் குறைக்கவும் வசதியாக அறைகள் வரைந்திருக்கிறேன். யோரிஸ் முதல் படத்தை "அசிங்கம்" என்றான். இரண்டாவதை "சரி" என்றான். இந்த ஊரில் "சரி" என்றால் மாலை போட்ட மாதிரி.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா ஒரு மாப்பிள்ளை போட்டோ அனுப்பி, எப்படி இருக்கு என்று கேட்டாள். "எனக்குப் பிடிக்கலம்மா. இப்ப கல்யாணமும் வேண்டாம்" என்றேன். வழக்கமாக "பார்க்கலாம்மா" என்று இழுப்பேன்.

"வேண்டாம்னா? திருப்பிக் கேக்கணுமா, இல்ல அந்த ஊரு வேண்டாமா?"

"அந்த ஊரு வேண்டாம்."

"வாய் நீண்டுபோச்சுட்டி உனக்கு" என்றாள். திட்டினாளா, மெச்சினாளா, பிடிபடவில்லை. பிறகு பாலத்துக்கு என்ன பெயின்ட் அடிக்கப்போகிறார்கள் என்று வெகுநேரம் விசாரித்தாள்.

மே 16, வெள்ளி

பாலம் திறக்கும் நாள். விடியும்போதே மழை. மற்றவர்கள் வானத்தைப் பார்த்து முனகினார்கள். நான் மட்டும் பெய் பெய் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நேற்று முழுக்கப் பெய்து பலகை நன்றாக ஊறியிருந்தது. இதைவிட நல்ல பரீட்சை கிடைக்காது.

வில்லெம் நனைந்த டவுசரோடு நின்றார். பொறியாளர் அம்மாள் கட்டுப்பாட்டு அறைக்குள் பொத்தானைக் காட்டி, "யார் அழுத்துவது?" என்று பொதுவாகக் கேட்டார். யோரிஸ் வாயைத் திறப்பதற்குள் "நான்" என்றேன். "மோட்டார் வேலை என்னுடையது" என்றான் அவன். "மூடும்போது நீ அழுத்து" என்றேன். சரி என்றான்.

அழுத்தினேன். மணி அடித்தது. தடுப்புக் கட்டைகள் இறங்கின. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த நூறு வருஷத்துப் பாலம், ஊறிப்போன பலகை அத்தனையையும் சுமந்துகொண்டு, ஒரு முனகல் இல்லாமல் எழுந்தது. பாதியில் நிற்கவில்லை. எங்கும் நிற்கவில்லை. தட்டிலிருந்து மழைத்தண்ணீர் சரிந்து வாய்க்காலில் கொட்ட, எதிர் எடைப் பெட்டி நான் வரைந்த இடத்தில் வந்து சரியாக இறங்கியது. யோரிஸ் என் முதுகில் அறைந்தான். "வில்லெம்!" என்று கத்தினேன். பெயரைச் சொல்லி! அவர் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். வெட்கமே இல்லாமல் அழுதேன். ஏற்கெனவே மழையில் நனைந்த முகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று பார்த்தால், யோரிஸ், "அழுகிறாய்" என்று சொல்லிவிட்டான்.

கீழே ஒவ்வொன்றாகப் படகுகள் போயின. வெளியே வந்தேன். தடுப்புக் கட்டைக்குப் பின்னால் சைக்கிள்காரர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். முன்னால் இருந்த வயதான அம்மாள் ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து, சைக்கிள் மணியை அடித்து, என் தலையிலிருந்த மஞ்சள் பாதுகாப்புத் தொப்பியைக் காட்டிக் கத்தினாள்.

"எனக்குப் பல் டாக்டரிடம் நேரம் குறித்திருக்கிறது! இந்தப் பாலத்தைத் திறந்தது யார்?"

நகராட்சி ஆட்கள் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் சேர்ந்து என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான்" என்றேன், அவளுடைய மொழியிலேயே, சத்தமாக.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அண்ணாந்து பாலத்தைப் பார்த்தாள். அது அவள் கண் முன்னாலேயே ஆடாமல் அசையாமல் இறங்கி, சாலையாகிப் படுத்தது. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பழையதைவிட வேகம்" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக அதன்மேல் ஏறிப் போனாள்.